தலைநகரில் வீடு வாங்குவோர்க்கு

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லி வந்து சேர்ந்த தமிழர்களாகிய நம்மிற் பலர் சர்க்கார் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ காலத்தைக் கழித்துவிடுகிறோம். ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போதுதான் சொந்த வீட்டைப் பற்றிய கவலை பிறக்கிறது. குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளைகளோ இங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டார்கள். சேமநிதியும் பணிக்கொடையும் ஒன்றுசேர்ந்து, ஜனக்புரியிலோ மயூர் விஹாரிலோ மூன்று அறைகளின் விலையாக மாறுகின்றன. முப்பதாண்டு உழைப்பு கைமாறும் அந்தச் சமயத்தில் சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது யாது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் சொற்களிலிருந்து தொடங்குவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இங்குள்ள தரகர் 'பயானா' என்று கேட்பார். அது நம் ஊர் அச்சாரம். 'பைநாமா' என்றும் சொல்வார். அது கிரயப் பத்திரம். இரண்டும் விற்பனையைக் குறிக்கும் ஒரே அரபுச் சொல்லின் வழியே வந்தவை. புதிய காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பவை. சட்டத்தின் கண்ணிலோ இவை மலையும் மடுவும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள வீடு, பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகவே விற்பனையாகும். விற்பனைக்கான உடன்படிக்கை, அதனளவில், வீட்டின் மீது எவ்வித உரிமையையும் தருவதில்லை.

தில்லிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அதுதான் 'முக்தார்நாமா', அதாவது பொது அதிகாரப் பத்திரம். இந்நகரில் மனைகள் பல, சர்க்காரோ தில்லி வளர்ச்சி ஆணையமோ நீண்டகாலக் குத்தகைக்கு அளித்தவை. அவற்றை விற்க வேண்டுமானால் முன்அனுமதி பெற வேண்டும். விலை உயர்வில் ஒரு பங்கைக் குத்தகை அளித்தவருக்குச் செலுத்தவும் வேண்டும். இதைத் தவிர்க்க ஜனங்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். விற்பவர் ஓர் உடன்படிக்கை, ஒரு முக்தார்நாமா, ஓர் உயில் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்வார். வாங்கியவர் குடியேறி, அதே மூன்று காகிதங்களால் மற்றொருவருக்குக் கைமாற்றுவார். 1992-ஆம் ஆண்டு முதல் குத்தகை உரிமையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள வழி ஏற்பட்ட பின்னரும் இப்பழக்கம் ஓயவில்லை. 2011 அக்டோபரில், சூரஜ் லாம்ப் வழக்கில், இக்காகிதங்களால் சொத்துரிமை மாறுவதில்லை என்று உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. வெளியூரில் வாழும் ஒருவர், விற்பனையைக் கவனிக்கத் தம் மகனுக்கோ மனைவிக்கோ மெய்யாகவே அதிகாரம் அளிப்பதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. அங்கீகாரம் பெறாத குடியேற்றங்களில் வசிப்போர்க்கு மட்டும், இத்தகைய காகிதங்களின் பேரிலும் உரிமை வழங்க 2019-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதைக் காட்டித் தரகர் எல்லா வீட்டுக்கும் சமாதானம் சொல்லக்கூடும், நம்ப வேண்டாம்.

நண்பர் ஒருவர் இவ்வாறு வாங்கிய வீட்டில் பதினொரு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தார். அதிகாரம் அளித்த முதியவர் காலமானார். பொதுவாக, அளித்தவரின் ஆயுளோடு அதிகாரமும் முடிந்துவிடும். முதியவரின் மக்கள் நால்வரும் பங்கு கேட்டு வந்து நின்றார்கள். வீட்டின் விலையைப் போலவே கவலையும் அவர்பால் ஆண்டுக்காண்டு வளர்ந்து வருகிறது.

இனி, வக்கீலை அமர்த்துவது பற்றி. இங்கிலாந்தில் வீட்டுப் பத்திர வேலைக்கென்றே தனித் தொழிலாளர் உண்டு. நம் நாட்டில் பத்திரம் எழுதுவோர் இருக்கிறார்கள். உரிமையை ஆராய்ந்து கருத்துரைக்க வக்கீலையே நாட வேண்டும். அவர் நம்முடைய வக்கீலாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். விற்பவரின் வக்கீல் 'இருவருக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால், கைகூப்பி விடைபெற்றுக்கொள்க. கடன் தரும் வங்கியும் ஒரு வக்கீலைக் கொண்டு பத்திரங்களைப் பார்க்கும்; ஆயின் அது வங்கியின் பணத்தைக் காக்கும் பார்வை. கட்டணத்தையும் செய்யவேண்டிய வேலையையும் முன்னதாகவே எழுத்தில் பெறுக. வேலையின் முடிவில் உரிமை ஆய்வறிக்கை ஒன்றும் கேட்டு வாங்குக.

அந்த அறிக்கையில் இருக்க வேண்டியவை எவை? தாய்ப் பத்திரம் முதல் இன்றுவரை சங்கிலி அறாமல் வந்திருக்கிறதா என்பது முதலாவது. பழந்தில்லிப் பத்திரங்கள் சில உருதுவில் இருக்கும். வக்கீல் வாய்மொழியாகச் சொல்வது போதாது, எழுத்தில் மொழிபெயர்ப்பு வேண்டும். அடுத்தது வில்லங்கம். மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பெற்ற கடன் சார்பதிவாளர் ஏட்டில் தென்படாமற் போகக்கூடும். 2011 முதல் இயங்கும் 'செர்சாய்' என்னும் மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பார்க்கலாம். விற்பவர் நகலை மட்டும் காட்டி, மூலம் ஊரில் இருக்கிறதென்றால், ஊரிலிருந்து வரும்வரை அச்சாரமும் காத்திருக்கட்டும்.

கட்டுமானத்தில் உள்ள அடுக்குவீடாயின், 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் துணைநிற்கிறது. உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் பெறக் கட்டுவோருக்கு உரிமையில்லை.

விலை ஐம்பது லட்சத்தை எட்டினால், விற்பவருக்குத் தரும் தொகையில் ஒரு சதவிகிதத்தை வருமான வரியாகப் பிடித்து நாமே செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராயின் விதி வேறு. ஆடிட்டரைக் கேட்டே பணம் தர வேண்டும். தில்லியில் பெண்கள் பெயரில் வாங்கினால் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதை இல்லத்தரசிகள் நினைவூட்டுவார்களாக!

பத்திரத்தில் கையொப்பமான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பதிவான பின் மாநகராட்சி ஏட்டில் பெயர் மாற்றவேண்டும். இதனை இங்கே 'தாக்கில் காரிஜ்' என்பர். வரி கட்டுவதற்கு அது வேண்டும். உரிமைக்கு ஆதாரம் கிரயப் பத்திரமே. மின்சார இணைப்பையும், சங்க வீடாயின் உறுப்பினர் பங்கையும் அதே வாரத்தில் மாற்றிக்கொண்டு, விற்பவரிடமிருந்து பழைய பத்திரங்கள் யாவற்றையும் பட்டியலிட்டுக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்க.