தப்பிய மான்

திருச்சிற்றம்பலம்.

  

இன்றைய சிந்தனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறுபட்டது. ஒருவன் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகிறான். நாள் முழுதும் அலைகிறான். மான் ஒன்று எதிரே வருகிறது. நாணைக் காதுவரை இழுத்து அம்பை விடுகிறான். அம்பு பக்கத்துப் புதரில் போய்த் தைக்கிறது. மான் ஒரே பாய்ச்சலில் மறைந்துவிடுகிறது. அப்போது அவன் நெஞ்சில் எழுகிறதே ஒரு வேதனை, அதை என்ன செய்வது என்பதே கேள்வி.

இக்காலத்தில் மானை வேட்டையாடுவார் யார் என்று நீங்கள் நினைக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மான் வேட்டை குற்றம். அது நல்லதே. ஜவ்வாது மலைக் காடுகளில் துள்ளித் திரியும் புள்ளிமானைக் கண்டு மகிழலாமே ஒழிய அதன்மேல் கைவைக்கலாகாது. ஆனால் வில்லும் அம்பும் இல்லாத வேட்டை நம் வீடுதோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டாண்டு இரவுபகலாகப் படித்த பிள்ளை தேர்வெழுதுகிறான். சில மதிப்பெண்ணில் இடம் தவறிப்போகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டுப் பிழைப்பவர் கடன் வாங்கிச் சரக்கு அனுப்புகிறார். வாங்க வேண்டியவர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். பெண்ணுக்கு வரன் கூடி வருகிறது. நிச்சயிக்கும் நாளில் கலைந்துவிடுகிறது. இவையெல்லாம் தப்பிய மான்கள் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அம்பு தவறுவது அவமானம் அன்று. வள்ளுவர் பெருமான் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், 772-ஆம் குறளில் இதை ஆராய்ந்து தீர்ப்பளித்திருக்கிறார். காட்டிலே ஓடுகின்ற முயலைக் கொன்ற அம்பையும், யானைமீது எறிந்து தவறிய வேலையும் ஒப்பிட்டு, தவறிய அந்த வேலைக் கையில் தாங்குவதே இனிது என்கிறார். எளிய குறியில் பெற்ற வெற்றியைவிட, பெரிய குறியில் அடைந்த தோல்வி மேலானது. ஆகவே, பெரிதாக ஒன்றை எண்ணி முயன்று தவறியவனைப் பார்த்து ஊரார் சிரித்தால், அவர்கள் சிரிப்பது வள்ளுவரையும் பார்த்துத்தான் என்று கொள்க.

இனி, பட்ட அம்பெல்லாம் நன்மை செய்ததா என்றும் பார்க்க வேண்டும். பாண்டு மன்னன் வேட்டைக்குப் போனான். இணைந்திருந்த இரு மான்களைக் கண்டான், எய்தான், குறி தப்பவில்லை. வீழ்ந்ததோ மான் வடிவில் இருந்த கிந்தமர் என்னும் முனிவர். அவர் இட்ட சாபம் பாண்டுவின் உயிரையே கொண்டுபோயிற்று. தசரத மன்னன் இருட்டில் ஒலியைக் கேட்டே எய்ய வல்லவன். யானை நீர் குடிக்கிறது என்று எண்ணி எய்தான். அம்பு சரியாகத்தான் பட்டது. கண்ணற்ற தாய்தந்தையர்க்கு நீர் மொள்ள வந்த பிள்ளை அங்கே விழுந்தான். அந்த இரவு அம்பு தவறியிருந்தால், புத்திர சோகத்தால் சாவாய் என்ற சாபம் தசரதனுக்கு ஏது? எது பட வேண்டும், எது தவற வேண்டும் என்பதை அறியும் அறிவு நமக்கு முழுமையாக இல்லை. இதைச் சொல்லும்போது, கிட்டாத பழம் புளிக்கும் என்று மனத்தை ஏமாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்று கருதலாகாது. இழப்பு இழப்புதான், வலி வலிதான். அந்த வலியோடு நாம் அடுத்து என்ன செய்கிறோம் என்பதிலே இருக்கிறது வாழ்வும் தாழ்வும்.

இதற்குப் பரீட்சித்து மன்னன் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அருச்சுனன் பேரன், அபிமன்யுவின் மகன், அறநெறி தவறாது நாடாண்டவன். மகாபாரதத்தின் ஆதிபருவம் சொல்கிறது: அவன் ஒருநாள் காட்டில் ஒரு மானை எய்தான். அம்பு பட்டும் அது விழாமல் ஓடி மறைந்தது. அவன் அம்பு பட்ட மான் அதற்குமுன் உயிரோடு தப்பியதே இல்லையாம். அந்த ஒரு மான் தப்பியதை அவனால் தாங்க முடியவில்லை. அதைத் தேடி நெடுந்தூரம் ஓடினான். அறுபது வயது, பசி, தாகம், களைப்பு. வழியிலே பசுக்கூட்டத்தின் நடுவே சமீக முனிவர் அமர்ந்திருந்தார். அம்பு பட்ட மான் இவ்வழி வந்ததா என்று கேட்டான். முனிவர் மௌன விரதம் பூண்டவர், பேசவில்லை. மன்னனுக்குச் சினம் மூண்டது. அருகே செத்துக் கிடந்த பாம்பு ஒன்றை வில்லின் நுனியால் எடுத்து முனிவர் தோளிலே போட்டான். முனிவர் அசையவும் இல்லை, சினக்கவும் இல்லை. அரசன் தலைகுனிந்து ஊர் திரும்பினான். செய்தியைக் கேட்ட முனிவரின் மகன் சிருங்கி, ஏழு நாளில் தட்சகன் என்னும் பாம்பு தீண்டி மன்னன் மடிவான் என்று சபித்தான்.

மெய்யன்பர்களே! இதில் நன்றாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மான் தப்பியதனால் பரீட்சித்து அழியவில்லை. ஒரு மான் போனால் அரசனுக்கு என்ன குறைந்துவிடும்? தப்பிய மானின் கோபத்தைத் தப்பு செய்யாத ஒருவர் தோளில் இறக்கினான் அல்லவா, அதுதான் அவனை அழித்தது. மான் செய்த குற்றத்துக்கு முனிவருக்கா தண்டனை?

நாம் செய்வது என்ன? வெளியிலே ஒரு காரியம் கைதவறிப் போகிறது. வீட்டுக்கு வருகிறோம். சோறு பரிமாறும் மனைவிமேல் எரிந்து விழுகிறோம். ஓடிவரும் குழந்தையை அடிக்கிறோம். படித்தும் தேறாத பிள்ளையிடம், நீ எதற்குப் பிறந்தாய் என்று கேட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளையோ அந்தச் சொல்லைத் தன் கழுத்திலே சுமந்துகொண்டு தனியே போகிறான். சில வீடுகளில் அவன் திரும்பி வருவதே இல்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வரும் செய்திகளைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. ஓர் இடம் போனால் இன்னோர் இடம் உண்டு. ஓர் ஆண்டு போனால் மறு ஆண்டு உண்டு. போன உயிருக்கு மறு ஆண்டு உண்டோ? ஆகையால் இந்தத் திருக்கோயில் வாயிலில் நின்று உங்கள் எல்லோரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: குறி தவறிய நாளில் செத்த பாம்பை எவர் கழுத்திலும் போடாதீர்கள், உங்கள் கழுத்திலும் போட்டுக்கொள்ளாதீர்கள். இளைஞர்களே, பாரம் தாங்கவில்லை என்றால் தாயிடமோ, ஆசிரியரிடமோ, நம்பத்தகுந்த ஒருவரிடமோ அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இவ்வழி மான் வந்ததா என்று பரீட்சித்து கேட்ட அதே கேள்வியை இன்னொருவரும் கேட்டார். அது வேறெங்கோ அன்று. நம் காட்பாடி வட்டத்து வள்ளிமலையில். தமிழ் அகப்பொருள் மரபில் கெடுதி வினாதல் என்று ஒரு துறை உண்டு. தலைவன் தினைப்புனம் காக்கும் தலைவியிடம் வந்து, என் அம்புக்குத் தப்பிய யானை வந்ததா, மான் வந்ததா என்று கேட்பான். வள்ளி திருமணத்தை நாடகமாக நடிப்போரும் முருகப்பெருமானை மானைத் தேடி வந்த வேடனாகவே மேடையில் கொண்டுவந்து நிறுத்துவர். வள்ளியம்மையோ மான் வயிற்றில் பிறந்து, நம்பிராசன் வளர்த்த மகள். கேள்வி ஒன்றே. சினத்தோடு கேட்டவனுக்குச் சாபம் வந்தது. அன்போடு கேட்டவருக்குத் திருமணம் வந்தது. காங்கேயநல்லூரில் 1906-இல் தோன்றி, 1993-இல் இறைவனடி சேர்ந்த திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் வாழ்நாளெல்லாம் முருகன் புகழ் பேசியதும் இந்த மண்ணின் பேறு. நம் ஊர்க்காரர்களாகிய நமக்கு இந்தப் பாடத்தைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை.

இனி இந்த இரவுக்கே உரிய வரலாற்றுக்கு வருவோம். சிவபுராணத்தில் கோடிருத்திர சங்கிதையில் வருவது. குருத்துருகன் என்று ஒரு வேடன். வீட்டிலே பெற்றோரும் மனைவியும் பசித்திருக்கிறார்கள். காடெல்லாம் அலைந்தும் ஒன்றும் கிட்டவில்லை. பொழுது சாய்ந்தது. நீர்த்துறை ஓரத்து வில்வமரத்தில், குடிக்கச் சிறிது நீரோடு ஏறி அமர்ந்தான். அடியிலே சிவலிங்கம் இருந்ததும், அன்று சிவராத்திரி என்பதும் அவனுக்குத் தெரியா.

முதல் யாமத்தில் ஒரு பெண்மான் வந்தது. வில்லை வளைத்தான். அந்த அசைவில் சிறிது நீரும் வில்வ இலைகளும் இலிங்கத்தின்மேல் விழுந்தன. மான் பேசிற்று: குட்டிகளை என் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன், சத்தியம். முதலில் அவன் நம்பவில்லை, பிறகு விட்டுவிட்டான். இரண்டாம் யாமத்தில் அந்தத் தங்கை மான் வந்தது, அதையும் விட்டான். மூன்றாம் யாமத்தில் ஆண்மான், அதையும் விட்டான். ஒவ்வொரு முறை வில்லெடுத்தபோதும் நீரும் வில்வமும் விழுந்தன. மூன்று முறை கைக்கு எட்டியது. மூன்று முறையும் வாய்க்கு எட்டவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அவன் மறந்தானா? மறக்கவில்லை. ஆனாலும் பிறர் சொல்வதைக் கேட்கும் செவி அவனுக்கு இருந்தது. நான்காம் யாமத்தில் மூன்று மான்களும், பின்தொடர்ந்த குட்டிகளும் சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றன. அவன் கையிலிருந்த வில் தாழ்ந்தது. விலங்குக்கு இருக்கும் வாய்மை எனக்கு இல்லையே என்று உருகினான். சிவபெருமான் வெளிப்பட்டு, குகன் என்னும் பெயர் தந்து, இராமபிரான் உன் இல்லம் தேடி வருவான் என்று அருளினார் என்கிறது புராணம்.

அவன் அன்று இரவைத் தோல்வி என்று எண்ணியிருப்பான். இறைவன் கணக்கிலோ அது நான்கு கால பூசை. வேட்டைக் கணக்கு வேறு, அருட்கணக்கு வேறு. நம் பக்கத்துத் திருவல்லத்தில், ஞானசம்பந்தர் பாடிய அத்தலத்தில், பெருமானுக்கு வில்வநாதர் என்றே திருப்பெயர். அங்கே வில்வம் சாத்தும்போது அந்த வேடனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணப்ப நாயனார் வரலாற்றையும் இங்கே எண்ணாமல் இருக்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளியது. உடுப்பூர்த் திண்ணனார்க்கு அது முதல் வேட்டை. கட்டிய வலைகளை அறுத்துக்கொண்டு ஒரு பன்றி தப்பி ஓடியது. திண்ணனார் சினந்து எவரையும் வையவில்லை. நாணனும் காடனும் உடன்வர, அடிச்சுவடு பார்த்து நெடுந்தூரம் தொடர்ந்தார். பன்றியையும் வீழ்த்தினார். ஆனால் அந்த ஓட்டம் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் எது? பொன்முகலிக் கரை; எதிரே திருக்காளத்தி மலை. வலை அறுபடாமல் இருந்திருந்தால் காளத்தியப்பரை அவர் அன்று கண்டிருப்பாரா? பன்றி தப்பியது, பரமன் கிட்டினான்.

ஆதலால் குறி தவறிய நாளில் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, அன்று வாயைக் காத்தல். சமீகரைப்போல ஒரு பொழுதாவது மௌனமாக இருங்கள். இரண்டு, மறுநாள் வில்லைப் பார்த்தல். நாண் தளர்ந்ததா, கை நடுங்கியதா, அவசரப்பட்டோமா என்று ஆராய்ந்து திருத்துங்கள். விதிமேல் பழி போட்டுச் சும்மா இருப்பது சைவம் அன்று. மூன்று, அடுத்த அம்பை எடுத்தல். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் திருக்கோயில் மூலவர் இல்லாத வெறும் கருவறையோடு பல தலைமுறை கிடந்ததை நம் முன்னோர் கண்டு கலங்கினர். 1981-ஆம் ஆண்டிலே பெருமான் மீண்டும் உள்ளே எழுந்தருளினார். கண்டு கலங்கிய எத்தனையோ பேர் அதைக் காணவில்லை. ஆயினும் அவர்கள் ஏக்கம் வீண்போகவில்லை.

நிறைவாக, நம் பெருமானின் திருமேனியைப் பாருங்கள். வலக்கரத்திலே மழு, இடக்கரத்திலே மான். தாருகாவனத்து முனிவர்கள் அவர்மேல் ஏவிய மான் அது. சீறி வந்ததை அவர் கொல்லவில்லை, விரட்டவும் இல்லை. இரு விரலிடையே ஏந்திக்கொண்டார். நம் அம்புக்குத் தப்பி ஓடுகின்ற மான்கள் எல்லாம் எங்கே போகின்றன? எங்கும் போவதில்லை, அவர் கையில்தான் இருக்கின்றன. நமக்கு வேண்டுவதாயின் வேண்டிய காலத்தில் அவரே தருவார். வேண்டாததாயின் அவரே வைத்துக்கொள்வார். இந்த நம்பிக்கையோடு, இன்னும் எஞ்சியுள்ள யாமங்களிலும் கண்விழித்திருந்து, ஒரு வில்வம் எடுத்து அவன் திருவடியில் இடுவோமாக.

எல்லோரும் இன்புற்று வாழ்க!

திருச்சிற்றம்பலம்.