கஷ்டத்தைப் பிரம்பாக்காதீர்கள்

யூனியன்வில்லில் இன்று கூடியிருக்கும் உறவுகளே,

எனக்கு முன்னர் பேசிய ஐயா சொன்னார்: "நாங்கள் குப்பி விளக்கில் படித்து ஆளானவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரியாது; அதனால் பொறுப்பும் இல்லை." மரியாதையோடு மறுக்கிறேன்.

அந்த விளக்கை நானும் அறிவேன். 1990இல் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் மறிக்கப்பட்டபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். ஆனால், எண்ணெய் இல்லாத அயல்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு அந்த வெளிச்சத்தில் இருத்தினாளே ஒரு அம்மா, காசு வாங்காமல் கணக்குச் சொல்லித் தந்தாரே ஒரு வாத்தியார், அவர்கள்தான் எங்களை ஆளாக்கினார்கள். அதே காலத்தில் மண்ணெண்ணெயைப் பதுக்கிக் கொள்ளை விலைக்கு விற்றவனும் எங்கள் ஊரான்தான். கஷ்டம் அவனுக்கு எந்தப் பண்பைக் கொடுத்தது?

1995 ஒக்டோபர் 30. போருக்குத் தப்பி வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் ஊர்ந்த இரவு. எனக்குப் பதினாறு வயது. தாகத்துக்குக் குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணி குடித்தோம். அந்த இரவு என்னை உறுதியாக்கியது என்று சொன்னால் கைதட்டுவீர்கள். சொல்ல மாட்டேன். அது என் நித்திரையைக் கொண்டுபோனது. நேரம் கெட்ட நேரத்தில் கதவு தட்டினால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. எங்களில் எத்தனை பேர் அந்த இரவைக் குடியிலும் கோபத்திலும் சுமக்கிறோம்!

கஷ்டம் அவ்வளவு நல்ல வாத்தியார் என்றால், பிள்ளைகளை அதனிடமிருந்து காப்பாற்ற ஏன் கடல் தாண்டினோம்?

பொறுப்பில்லையாம்! அப்பாவும் அம்மாவும் இரண்டு வேலைக்கு ஓடியபோது தம்பிக்குச் சோறு போட்டது யார்? எட்டு வயதில் டொக்டரிடம் எங்கள் வருத்தத்தை ஆங்கிலத்தில் சொன்னது யார்? 2009 மே 10, அன்னையர் தினம். வன்னியில் செல் விழுந்துகொண்டிருக்க, ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி வாகனங்களை மறித்து இருந்த கூட்டத்தில், ஊரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களை அங்கே கொண்டுவந்தது எந்தக் குப்பி விளக்கு?

ஐயா, இன்றிரவு ஹைவே 7ஆல் வீட்டுக்குப் போகும்போது, பின்னால் இருக்கிற பேத்திக்கு "எங்கட காலத்தில" என்று தொடங்க வேண்டாம். நீங்களும் கடந்த அந்தப் பாலத்தில் தன் குடையை உங்களிடம் நீட்டியது யார் என்று சொல்லுங்கள்.