அஞ்சாது கேட்போம், ஆராய்ந்து திறப்போம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியால் நம் சமுதாயம் பெற்றவற்றை முன்னர்ப் பேசியோர் எடுத்துரைத்தனர். பெற்றதைக் காத்துக்கொள்வது பற்றி நாம் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

சிங்காநல்லூர்க் குளக்கரையில் தூண்டில் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். மீனின் கண்ணுக்குத் தெரிவது புழு, தெரியாதது முள். மின்னஞ்சலில் வரும் மோசடிக் கடிதங்களுக்கும் தூண்டிலை ஒட்டியே 'ஃபிஷிங்' என்று பெயரிட்டுள்ளனர். வங்கியின் பெயரும் அரசு முத்திரையும் அவற்றில் காணப்படும். 'உங்கள் உதவித்தொகை வந்துள்ளது. இன்று மாலைக்குள் விவரம் தராவிடில் ரத்தாகும்' என்றிருக்கும். ஆசையும் அச்சமும் கலந்த அந்த அவசரமே புழு. இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ இட்டவுடன் முள் தைத்துவிடுகிறது.

இஃது எங்கோ நடப்பதன்று. 2024ஆம் ஆண்டில் நம் கோவை மாவட்டத்திலேயே, கல்வித் துறை அதிகாரிகள் எனத் தம்மைக் கூறிக்கொண்டு சிலர் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்தனர். உதவித்தொகை தருவதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் கியூ.ஆர். குறியீட்டை அனுப்பினர். அதை ஸ்கேன் செய்தவர்களுக்குப் பணம் வரவில்லை. இருந்த பணமும் போயிற்று. பின்னர்க் காவல்துறையினர் ஐவரைக் கைது செய்தனர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. இந்த ஒரு செய்தி வீடுதோறும் சென்றிருந்தால் பலர் தப்பியிருப்பர்.

மெட்ரிக் கல்விக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராய் இருந்தபோது, 1944இல் தொடங்கியது. அது யாரோ இரங்கி இட்ட பிச்சையன்று, நம் உரிமை. இன்று அத்தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. 2024 ஆகஸ்டு 9 அன்று கோவையில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவ்வாறே. இடைத்தரகர் ஒழிந்தது நன்மையே. எனினும் கணக்கின் சாவி பிள்ளைகளின் கையில் இருப்பதால், திருடனும் அவர்களையே தேடி வருகிறான்.

நம்மவர் ஏமாறுவது அறிவின்மையால் மட்டுமன்று. 'அதிகாரி பேசுகிறேன்' என்ற குரல் கேட்டால் கைகட்டி நிற்கும்படி பல தலைமுறைகளாகப் பழக்கப்பட்டவர் நாம். திருடன் அந்தப் பழைய அச்சத்தையே பயன்படுத்துகிறான். நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய், பஞ்சாலைக்குச் செல்பவர், இவ்வாறு பணத்தை இழந்தார். ஊரார் நகைப்பர் என்று வெட்கி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் கை மாறிப் போயிற்று. வெட்கப்பட வேண்டியவன் திருடனே அல்லவா?

ஆதலின் மாணவச் செல்வங்களே, 'தாங்கள் யார்? எந்த அலுவலகம்?' என்று அஞ்சாது கேளுங்கள். இணைப்பைத் தொடுமுன் அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மைய, மாநில அரசுத் தளங்களின் முகவரிகள் பெரும்பாலும் 'ஜி.ஓ.வி. டாட் இன்', 'என்.ஐ.சி. டாட் இன்' என முடியும். அவ்வாறு முடிவதுபோல் தோன்றினும் ஐயம் எழுந்தால், கடிதத்தில் கண்ட எண்ணுக்கன்றி, நீங்கள் முன்பே அறிந்த எண்ணுக்குப் பேசுங்கள். இல்லையேல் பள்ளிக்கு நேரில் வாருங்கள். ஓ.டி.பி. எண்ணை ஆசிரியர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் ஆதார் எண், சாதிச் சான்று, வங்கி விவரம் ஆகியவை எங்கள் பொறுப்பில் உள்ளன. மேலதிகாரியின் பெயரால் எமிஸ் கடவுச்சொல்லைக் கேட்டு மடல் வரின், அவரையே அழைத்து உறுதி செய்வது மரியாதைக் குறைவன்று, அதுவே கடமை.

ஒருக்கால் ஏமாந்துவிட்டால், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைகிறோமோ, அவ்வளவு பணத்தை இடையில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. மறைத்தால் திருடனுக்கே அது துணை.

இளைஞர்களே! இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் தாய்க்கும் பாட்டிக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். எழுத்தறிவு அன்று நம்மைக் கைநாட்டிலிருந்து மீட்டது. கேள்வி கேட்கும் துணிவு இன்று நம் உழைப்பையும் உரிமையையும் காக்கட்டும்.