தறிக்குழியின் மேல் ஒரு மேசை

எதிரே அமர்ந்திருக்கும் ஸ்ரீரங்கத்து நண்பர்களே, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

போன வாரம் அமைப்பாளர் தம்பி போனில் கேட்டார்: "ஐயா, உறையூரிலிருந்து வரச் சிரமமாக இருந்தால் ஜூமிலேயே பேசிவிடுங்களேன், பெரிய திரை போட்டிருக்கிறோம்." தலைப்போ 'வீட்டிலிருந்து வேலையா, அலுவலகத்துக்குத் திரும்புவதா' என்பது. அதற்கு வீட்டிலிருந்தே பேசச் சொல்கிறார்! "காவிரிப் பாலம் திறந்துதானே இருக்கிறது தம்பி, வந்துவிடுகிறேன்" என்றேன். 2022 நவம்பரில் அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் அக்கரைக்கும் இக்கரைக்கும் சுற்றிச் சுற்றிப் போன பாடு இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.

வந்துவிட்டேன். வந்தது நல்லதாகவும் இருக்கிறது. உங்கள் முகம் தெரிகிறது, சிரிப்பு கேட்கிறது. ஆனால் என்னை யாரும் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கேட்டார்கள், யோசித்தேன், வந்தேன். இன்றைக்கு நான் பேச வந்த சங்கதி இவ்வளவுதான். மீதி நேரத்தில் சொல்லப் போவதெல்லாம் இதற்கான விளக்கம்.

என் அப்பா உறையூரில் நெசவாளி. எங்கள் வீட்டு முன்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் மிதியும் நாடாவும் அவருடைய கைகால் போலவே ஓடும். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். பாட்டி நூலில் சிக்கெடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் ஒரு வேலை காத்திருக்கும். முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. குழி எங்களுடையது, விளக்கு எங்களுடையது, ஐப்பசி அடைமழையில் குழிக்குள் ஊறுகிற தண்ணீரும் எங்களுடையது. தண்ணீர் ஊறினால் தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. வேலை பார்த்தது வீடு முழுவதும். கூலி வந்தது ஒரே ஒரு ஆளுக்கு.

'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று இன்று புதிதாகப் பேசுகிறோமே, இந்த ஊருக்கு அது புதிதா? திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியவர்கள் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து தீட்டினார்கள். பீடி சுற்றிய பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் ஒரு கண், குழந்தை மேல் ஒரு கண் என்று சுற்றினார்கள். 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை ஜாக் நில்லஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது 1973-இல். அதற்குப் பல தலைமுறைக்கு முன்பே உறையூரில் வேலை வீட்டுக்குள் இருந்தது.

நான் பதினெட்டு வயதில் பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பொன்மலைச் சங்கு உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட வீடுகள் உண்டு. காலையில் சங்குக்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். முதல் மாதம் எனக்கு அது சிறைச்சாலை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சாயங்காலம் சங்கு ஊதினா உன் வேலை முடிஞ்சு போகுதுடா. எனக்கு எங்கடா முடியுது?"

பொன்மலை எனக்கு மூன்று கொடுத்தது. ஒன்று, வேலை முடிகிற நேரம். இரண்டு, தொழில். எங்கள் மேஸ்திரி சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, வருகிற ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த ஓசையைப் புத்தகத்தில் எழுத முடியாது. பக்கத்தில் நின்று நின்றுதான் காதில் ஏறும். மூன்றாவது, சங்கம். அப்பாவுக்குக் கூலி குறைந்தால், பக்கத்துத் தெருத் தறிக்காரருக்கும் குறைந்ததா என்று தெரியவே ஒரு வாரம் ஆகும். அவரவர் குழியில் அவரவர். எங்களுக்கோ சாப்பாட்டு நேரத்துக்குள் தெரிந்துவிடும். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் ஒரே இடத்தில் கூடி நின்றவர்கள். கூடி நிற்க ஓர் இடம் இருந்ததால்தான் கேட்க ஒரு குரலும் இருந்தது.

பொன்மலை பிறந்த கதையே ஓர் இடமாற்றக் கதைதான். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையை இங்கே கொண்டுவந்தார்கள். குடும்பத்தோடு கிளம்பு என்றார்கள். கூடவே ஆட்குறைப்பு என்றார்கள். 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். வேலை எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்ற கேள்வி இந்த ஊர்க்காரர்களுக்குக் கிட்டத்தட்ட நூறு வருடப் பழக்கம்.

இனி என் மகள் கதை. சென்னையில் மென்பொருள் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த வாரம் லேப்டாப்போடும் கைக்குழந்தையோடும் உறையூருக்கு வந்துவிட்டாள். தறிக்குழியை நாங்கள் எப்போதோ மண் போட்டு மூடி சிமெண்ட் பூசியிருந்தோம். சுற்றியுள்ள தரை ஒரு நிறம், அந்தச் சதுரம் ஒரு நிறம். ப்ளக் பாயிண்ட் அதன் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. மேசையை அங்கேதான் போட்டாள். அவள் தாத்தா கால் வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே அவள் கால்.

நன்மையை முதலில் சொல்கிறேன். பேரன் பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தான். சென்னை வாடகை மிச்சம். என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது மகள் பக்கத்து அறையில் இருந்தாள். இந்த ஸ்ரீரங்கத்து வீதிகளில் எத்தனை வீட்டில் வயதான இரண்டு பேரும் ஒரு டிவியும் மட்டும் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்ரீரங்கத்தை எழுத்தில் கூடவே வைத்திருந்தார். எழுதத் தெரியாத மற்ற பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனால் போனதுதான். ஊரடங்குக்குப் பிந்தைய அந்த இரண்டு வருடம் அவர்கள் திரும்பி வந்தார்கள். வீதியில் இளவட்டங்களின் குரல் கேட்டது.

இப்போது அடுத்த பக்கம். மகள் மீட்டிங்கில் இருந்தால் என் மனைவி என்னிடம் சைகையில்தான் பேசுவார். குக்கர் விசில் அடித்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடுப்பை அணைத்துவிடுவார். அதனால் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு சரியாக வேகவே இல்லை! (சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது.) ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், மேசையில் வெளிச்சம். "இன்னும் முடியலையாம்மா?" என்றேன். "லாக் அவுட் பண்ணிட்டேன்பா. ஆனா முடியல" என்றாள். எனக்கு அப்பாவின் நாடாச் சத்தம் கேட்டது. தார் சுற்றிய அம்மா போலவே இப்போது என் மனைவி. வேலை பார்த்தது வீடு முழுவதும். சம்பளம் ஒரு ஆளுக்கு.

பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. வாரத்தில் இத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும். அட்டை தேய்த்த கணக்கு ஆண்டு மதிப்பீட்டில் சேரும். உலகம் முழுக்க இதே காற்றுதான். 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-இல் சொன்ன டிசிஎஸ், 2023 அக்டோபரிலிருந்து வாரம் 5 நாள் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து 5 நாள் என்றது. என் மகள் சென்னைக்குப் போய், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, புனேயில் இருக்கிறவரோடு அதே ஜூமில்தான் பேசுகிறாள். குழுவில் பாதிப் பேர் வேறு ஊர். இதற்கு எதற்கு இத்தனை தூரம் என்று அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நிறுவனம் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. சீனாவில் சி-ட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2010, 2011-இல் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் திறன் 13 சதவீதம் கூடியது. முடிந்த பிறகு, வேண்டியதைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டபோது, அவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை. அதோடு, அதே அளவு திறமை காட்டியும், கண்ணில் படாதவருக்குப் பதவி உயர்வு குறைந்தது. அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்திய அடுத்த ஆய்வு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீடு, மீதி நாள் அலுவலகம். வேலையில் குறை எதுவும் இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். சங்கும் வேண்டும், தறியும் வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கு சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ சேர்ந்தது. இத்தனை சதவீதம் பேரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாம் என்று அது நிறுவனத்துக்குத்தான் அனுமதி கொடுத்தது. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், விடுப்பு முடிந்த தாய் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. ஆனால் வேலையின் தன்மை இடம் கொடுக்க வேண்டும், முதலாளியும் சம்மதிக்க வேண்டும். 'விடலாம்' என்று இருக்கிறது; 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்பவருக்கு உட்கார ஒரு நாற்காலி எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

நிறுவனம் நடத்துகிறவர்களே! வரச் சொல்லுங்கள், தப்பில்லை. எதற்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சக்கரத்தின் ஓசையைக் காட்டிக்கொடுக்க ஒரு மேஸ்திரி அங்கே இருப்பாரா? இருந்தால் அவன் ஓடி வருவான். அட்டை தேய்த்த எண்ணிக்கைக்காக என்றால், உடம்பு வரும், ஆள் வரமாட்டான். இன்னொன்று. திருச்சி நவல்பட்டில் 2010 முதல் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது. பஞ்சப்பூரில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அலுவலகம் வேண்டும் என்றால் அலுவலகமே கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து வரட்டுமே! 1928-இல் பணிமனையையே நகர்த்தினார்கள். நாலு நாற்காலியையும் ஒரு கேபிளையும் நகர்த்துவது கஷ்டமா?

தம்பி தங்கைகளே! வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் உங்களுக்காக நீங்களே ஒரு சங்கு ஊதிக்கொள்ளுங்கள். வேலை முடிகிற நேரம் என்று ஒன்று இருக்கட்டும். உங்கள் கூட வேலை பார்க்கிறவரின் முகத்தை மாதம் ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். அவரவர் குழியில் அவரவர் இருந்தால், கூலி குறைந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

பெற்றோர்களே! ஞாயிறு ராத்திரி ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறும் பிள்ளை கையில் புளியோதரைப் பொட்டலம் கொடுக்கிறோமே, அப்போது "வேலையை விட்டுடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "உன்னைக் கேட்டாங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் என் மகளிடம் கேட்டேன். இல்லைப்பா என்றாள். அடுத்த வாரம் அவள் குழுவில் பதினோரு பேர் சேர்ந்து மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

மேசை இன்னும் எங்கள் கூடத்தில்தான் இருக்கிறது, அந்தச் சிமெண்ட் சதுரத்தின் மேல். வாரத்தில் சில நாள் அவள் அதில் வேலை பார்க்கிறாள், சில நாள் சென்னையில். அவள் ஊரில் இருக்கிற நாளில் சாயங்காலம் ஆறு மணி ஆனதும் பேரன் போய் லேப்டாப்பை மூடிவிட்டு "சங்கு ஊதியாச்சு" என்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.