டப்பாவைப் படித்த பிறகு திறங்கள்

(பெங்களூரில், தமிழ் பேசும் தொழிலாளர்கள் படிக்கும் வகுப்பில் பேசியது)



நம் வகுப்பில் பாதிப் பேர் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறீர்கள். இன்று உங்கள் வேலையைப் பற்றியே பேசுவோம்.

காரின் அடியில் கறுப்பாக ஒரு பூச்சு அடிக்கிறீர்கள். அண்டர்பாடி கோட்டிங் என்கிறோம். அது எதற்கு? மழைத் தண்ணீரும் சேறும் அடித்தகட்டில்தான் படும். தெறிக்கும் கல்லும் அங்கேதான் படும். தகடு துருப்பிடிக்கும். பூச்சு அதைத் தடுக்கிறது. சத்தத்தையும் குறைக்கிறது.

அதில் என்ன இருக்கிறது? பல பூச்சுகளில் தாரும் செயற்கை ரப்பரும் இருக்கும். தார் மட்டும் இருந்தால் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். ரப்பர் சேர்ந்தால் வளைந்து கொடுக்கும்.

செயற்கை ரப்பர் மரத்துப் பால் இல்லை. பெட்ரோலியப் பொருள்களில் இருந்து ஆலையில் செய்வது. 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்தது. ரப்பர் வரத்து குறைந்தது. அமெரிக்கா அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. நம் நாட்டில் 1963-ல் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஆலை வந்தது.

இந்த ரப்பர் கெடுதலா? நன்றாகக் காய்ந்த பூச்சைத் தொட்டால் பயமில்லை. ஆபத்து, பூச்சு ஈரமாக இருக்கும்போதுதான். ரப்பரையும் தாரையும் தின்னரில் கரைத்துத்தான் அடிக்கிறோம். டொலுவின், சைலீன் போன்றவை அதில் இருக்கலாம். பூச்சு காயக் காயத் தின்னர் ஆவியாகிறது. நம் மூச்சோடும் உள்ளே போகிறது.

டொலுவின் ஆவி காற்றைவிட 3 மடங்கு கனமானது. அது மேலே போகாது. பள்ளத்தில் இறங்கித் தங்கும். காருக்கு அடியில் நீங்கள் நிற்பதும் அதே பள்ளத்தில்தான்.

என் தம்பிக்கு இது நடந்தது. ஒரு மழை நாள். ஷட்டரை மூடிவிட்டுப் பள்ளத்தில் நின்று பூச்சு அடித்தான். தலை வலித்தது. பொறுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மயங்கிச் சாய்ந்தான். நல்லவேளை, மேலே ஆள் இருந்தார்கள். பிழைத்தான். டப்பாவில் தீச்சுவாலைப் படம் இருந்தது. அது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்?

ஷட்டரைத் திறந்து வையுங்கள். காற்று ஓடட்டும். முடிந்தால் காரை மேலே தூக்கி வைத்து அடியுங்கள்.

பீடி, வெல்டிங், தீப்பொறி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஆவி தீப்பிடிக்கும்.

கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

கையுறை போடுங்கள். கையைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவாதீர்கள். சோப்பு போதும்.

சைலன்சர், பிரேக், தண்ணீர் வடியும் துளை, இவற்றின் மேல் அடிக்காதீர்கள்.

தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள். பள்ளத்தில் ஒருவர் விழுந்தால் தனியாகக் குதிக்காதீர்கள். ஆட்களைக் கூப்பிடுங்கள். 108-ஐ அழையுங்கள்.

முதலாளியிடம் முகமூடி கேட்கக் கூச்சமா? ஒருவர் கேட்டால் திட்டு விழலாம். எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

நாளை வரும்போது ஒரு காலி டப்பாவை மூடியோடு கொண்டு வாருங்கள். மேலே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்போம். அதுதான் நாளைய பாடம்.