எட்ட நிக்கிற லென்சும் கிட்ட போற லென்சும்

(மாணவர்கள் கூட்டிய ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் புகைப்படக் கலைஞர் என்று அறிமுகம் செய்தார்கள். அது தப்பு. நான் வேறு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவன். ஞாயிற்றுக்கிழமையிலும், சாவு, கல்யாணம், ஆர்ப்பாட்டம் என்று யாராவது கூப்பிடுகிற நாளிலும் படம் எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷமா இதில் ஒரு பைசா சம்பாதிச்சதில்லை, விட்டது நிறைய. எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்று உங்களில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். விட்ட காசுக்குக் கணக்குச் சொல்கிறேன், அதிலிருந்து எடுத்துக்குங்க.

எங்க ஆயா 2014இல் செத்துப்போச்சு. பேனர் அடிக்கணும், படம் வேணும். வீடு முழுக்கத் தேடினோம். வாக்காளர் அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் கிடைத்தது. அதில் ஆயாவுக்குக் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. ஒரு கருப்புத் திட்டு, அதைச் சுத்தி வெள்ளைப் புடவை. பேனர் போடுகிற தம்பி அதையே பெரிசாக்கி, கம்ப்யூட்டரில் கண்ணு வச்சுக் கொடுத்தார். யார் கண்ணோ. அந்தப் பேனர்தான் பதினாறாம் நாள் வரைக்கும் தெருமுனையில் நின்றது.

இத்தனைக்கும் அப்போது என்னிடம் கேமரா இருந்தது. நிக்கான் டி3200. 2012இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், நான் அதுக்கு அடுத்த வருஷம் தவணையில் வாங்கினேன். ஆயா அடுப்பு ஊதுவதை, வெத்தலை இடிப்பதை இருபது படமாவது எடுத்திருந்தேன். இருபதும் ஆடிப்போனது. மெகாபிக்சல் 24 இருந்து என்ன பண்றது?

ஏன் ஆடிச்சு? கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிற 18-55 லென்ஸ் இருக்கிறதே, அதன் மேல் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாக வாயைத் திறக்கும் என்பதற்கான கணக்கு அது. எண் சின்னதானால் வாய் பெரிசு. முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவர 55க்கு இழுத்தால் அதன் வாய் 5.6க்குச் சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு வாசல், ஜன்னல் கிடையாது, ஒரு குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை 1600 வைத்தாலும் ஷட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்தே கிடக்கும். அதுக்குள்ள ஆயா ரெண்டு தரம் ஊதி முடிச்சிருக்கும். இதே இடத்தில் 1.8 என்று எழுதிய லென்ஸ் இருந்தால் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். எட்டில் ஒரு பங்கு எண்பதில் ஒரு பங்காகும். ஆயா ஆடாமல் நிற்கும்.

இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் படித்த புகைப்படப் புத்தகங்களில் வெளிச்சம் பத்தலைன்னா பிளாஷை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்துத் திரும்ப வாங்கு என்று எழுதியிருந்தது. வெள்ளைக் கூரைக்கு நான் எங்கே போக? மேலே ஓலை. பக்கத்து வீட்டில் ஓடு. காலனி வீட்டில் புகையடிச்ச காங்கிரீட். அடிச்ச வெளிச்சத்தை அதுவே தின்னுவிடும். எழுதினவர் எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதினார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்துச் செய்த தப்பு இன்னும் பெரிசு. கையில் கொஞ்சம் காசு வந்ததும் 70-300 வாங்கினேன். நீளமான லென்ஸ். மாட்டிக்கொண்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போனால் போலீஸ்காரரே வழிவிடுகிறார், பத்திரிகைக்காரன்னு நினைச்சு. அந்த மப்பில் ஆறு மாசம் சுத்தினேன். நடவுக் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் நாற்று நடுவதை ரோட்டு மேல் நின்றுகொண்டே எடுத்தேன். வரிசையா குனிந்த முதுகுகள், பின்னால் பச்சை கரைந்துபோய், காலண்டர் மாதிரி வந்திருந்தது. பிரிண்ட் போட்டுப் பெரியம்மாவிடம் காட்டினேன். நடுவில் குனிந்திருப்பது பெரியம்மாதான். கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டது: “ஏன்டா, ஊர்க்காரன் வரப்பு மேல நின்னு பாக்கிற மாதிரியே இருக்குதே. நீ சேத்துல இறங்கலியா?”

ஆதிக்கப் பார்வை, பிம்ப அரசியல் என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுவதைப் பெரியம்மா ஒரே வாக்கியத்தில் பேசிவிட்டது. படத்தில் ஒரு முகமும் இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஒரு முகம் படத்தில் எப்படி வடிவம் கொள்கிறது என்பதை, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. லென்ஸ் அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவை வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எந்த லென்ஸ் கையில் இருக்கிறதோ அது உங்களை ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். 300 உங்களை ரோட்டில் நிறுத்தும். 35 சேற்றில் இறக்கும். கிட்டே போனால் பேசியாக வேண்டும், எதுக்குடா எடுக்கிறன்னு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். வேணாம்னு சொன்னா மூடி வைக்கணும். நீளமான லென்சில் இந்த வேலையே இல்லை, எடுக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதுக்காக 70-300ஐத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தடியடி நடக்கிற இடத்தில் எட்ட நின்று எடுக்க அதுதான் உதவும்; மண்டை உடையாது. எங்கள் ஏரிக்கு வரும் நாரைகளையும் அதில்தான் எடுக்கிறேன். முதல் லென்சாக மட்டும் அதை வாங்காதீங்க.

70-300ஐ வித்துட்டு 50 எம்எம் 1.8 ஒன்று பழசாக வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். அதில் ரெண்டு ஏமாற்று நடந்தது. ஒன்று, அது ‘டி’ என்று முடிகிற பழைய வகை. அந்த வகைக்குத் தானாக போக்கஸ் ஆக மோட்டார் கிடையாது, கேமராவின் மோட்டார்தான் திருப்ப வேண்டும். நிக்கானின் 3000, 5000 வரிசை பாடிகளில் அந்த மோட்டாரே கிடையாது. கடைக்காரர் என் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லாமல் மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் போக்கஸ் ஆகவில்லை. ஆறு மாசம் கையால் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் சரி என்று அர்த்தம். (சொல்லப்போனால் அந்த ஆறு மாசத்தில்தான் படம் எடுக்கவே கத்துக்கிட்டேன். அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்ல மனசு வரலை.) ரெண்டாவது, உள்ளே பூஞ்சை. லென்சின் ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். பழைய லென்ஸ் வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பாருங்க. கோவிச்சுக்கிட்டா நடையைக் கட்டுங்க. நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் வரும். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். தோல் பையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீங்க.

50லும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த விலை குறைந்த பாடிகளில் சென்சார் சின்னது. நிக்கானில் ஒன்றரை மடங்கு, கேனனில் 1.6 மடங்கு பார்வை குறுகும். 50 மாட்டினால் 75, 80 மாதிரி நடந்துகொள்ளும். பத்துக்குப் பத்து வீட்டுக்குள் ஒரு ஆளை எடுக்கவே முதுகு சுவரில் முட்டும். பிறகு 35 எம்எம் 1.8 வாங்கினேன், மோட்டார் உள்ளது. ஒரு அடி தூரம் வரைக்கும் கிட்டே போகலாம். ஏழெட்டு வருஷமாக என் கேமராவில் இருந்து அது கழறுவதே இல்லை.

இன்னொரு விஷயம், நம்ம தோல் நிறம். இதைக் கேமராக் கடையில் பேச மாட்டார்கள். கேமராவுக்குள் இருக்கிற மீட்டர், தன் முன்னால் இருப்பது எல்லாமே சராசரியாக நடுச்சாம்பல் என்று நம்பி வேலை செய்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் நம்ம தலைவர் ஒருவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இருட்டடிக்கும். சட்டை நல்லா வரும், முகம் கரியாகும். ஆயாவின் அட்டையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். சரி, முகத்தை மட்டும் அளக்கலாம்னு ஸ்பாட் மீட்டரிங்கை வைத்தால், கருப்பு முகத்தைச் சாம்பலாக்கி வெளுக்க வைத்துவிடும். ரெண்டும் பொய். முதலாவதற்குப் பிளஸ்-மைனஸ் பொத்தானை அமுக்கிப் பிளஸ் ஒன்று வையுங்க. ரெண்டாவதற்கு மைனஸ் முக்கால், ஒன்று. எடுத்த படத்தைப் படத்தில் இருக்கிறவரிடமே காட்டி, ‘இது நீங்க தானா’ன்னு கேளுங்க. அதைவிட நல்ல மீட்டர் எனக்குத் தெரியாது.

இந்தப் பொய் புதுசு இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. 1950களில் ஆரம்பித்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் அந்தக் கம்பெனியில் வேலை செய்த ஷெர்லி பேஜ், அதனால் அதற்கு ஷெர்லி கார்டு என்றே பெயர். அவர் தோல் சரியாக வந்துவிட்டால் மிஷின் சரி. கருப்பு மக்கள் முகம் சேறாக வருகிறதென்று அவர்கள் வீட்டுத் தாய்மார்கள் சொன்னது எடுபடவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியா வரலைன்னு புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்த ஆரம்பித்தார்கள். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் மனுசனுக்குக் கிடைக்கலை. இன்றைக்கு உங்கள் செல்போனில் இருக்கிற பியூட்டி மோடு அந்த ஷெர்லியோட பேத்திதான். முகத்தைத் தேய்த்து வெளுப்பாக்கும். முதல் வேலையா அதை அணைங்க. அணைத்துவிட்டால் செல்போனும் மோசமில்லை. காசு சேருகிற வரை அதில் எடுங்க. அதன் முக்கிய லென்ஸ் ரொம்ப அகலம், முகத்துக்கு ஒரு அடியில் போனால் மூக்கு பெருக்கும். நாலடி தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்க.

உண்மை அறியும் குழுவோடு போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பழைய கேமராவில் தேதி எங்கேயோ நின்றுகொண்டிருக்கும். கிளம்பும் முன் தேதியும் நேரமும் சரி பண்ணுங்க. எரிந்த வீட்டை முதலில் தெருவோடு சேர்த்து, பிறகு வாசலோடு, பிறகு உள்ளே. அங்கே அகல லென்சை ஓரம் வளைகிற அளவுக்கு வைக்காதீங்க, சின்ன அறை மண்டபம் மாதிரி தெரியும், எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடிச்சுக்குவார். கார்டில் இருக்கும் மூலப் படத்தை அழிக்காதீங்க. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், உள்ளே பதிந்திருக்கும் தேதி விவரமும் போய்விடும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 63ஆவது பிரிவு. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். நம்ம வக்கீல் தோழர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்க.

காசு விஷயம். கம்பெனிகள் இப்போது மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டன. நிக்கான் டி3500ஐ 2022இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர் எல்லாம் பழசில் வருகிறது. பாடியில் காசைக் கொட்டாதீங்க, அது செல்போன் மாதிரி வருஷா வருஷம் விலை இறங்கும். லென்ஸ் அப்படி இறங்காது. பழைய பாடி வாங்கும்போது எத்தனை படம் எடுத்ததென்று பாருங்க. நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே அந்த எண் கிடைக்கும். இந்த வகைப் பாடிகளை ஒரு லட்சம் படம் அளவுக்குச் சோதித்து விற்கிறார்கள், அதில் பாதிக்குள் இருந்தால் நல்லது. எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்க, சென்சாரில் தூசி இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ரயிலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்த கார்டன் பார்க்ஸ் என்ற கருப்பினத் தோழர், 1930களின் கடைசியில் சியாட்டில் நகரத்து அடகுக்கடையில் ஏழரை டாலருக்கு ஒரு பழைய வாய்க்ட்லாந்தர் பிரில்லியண்ட் வாங்கினார். அடகுக்கடைச் சரக்கு, மலிவான மாடல். 1942இல் வாஷிங்டனில், அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற எல்லா வாட்சன் என்ற அம்மாவை, அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பமும் மாப்புமாக நிறுத்தி எடுத்தார். எல்லோரும் பேசுவது அந்த ஒரு படத்தை. அவர் அதோடு நிற்கவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கு, பேரப்பிள்ளைகளிடம், கோயிலுக்கு என்று கூடவே போய் எடுத்துக்கொண்டிருந்தார். நம்ம பக்கத்தில், 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார் துப்புரவுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் படங்களைப் பாருங்க. எவ்வளவு கிட்டே நிற்கிறார் என்று பாருங்க.

பெரியம்மாவை இப்போது மாசம் ஒரு தரம் எடுக்கிறேன். வாசல்படியில் உட்கார வைத்து, தெரு வெளிச்சம் ஒரு பக்கமா முகத்தில் விழ, 35இல், மூணடி தூரத்தில். அதுக்கு அலுத்துப்போச்சு. “பேனருக்கா எடுக்கிற? இன்னும் நாள் இருக்குடா” என்று சிரிக்கும். அந்தச் சிரிப்போடயே எடுத்திருக்கேன்.

கேமரா கொண்டு வந்திருக்கிறவங்க டீ குடிச்சிட்டு அந்த வேப்பமரத்தடிக்கு வாங்க. செல்போன் வச்சிருக்கிறவங்களும்தான். பிளஸ்-மைனஸ் பொத்தான் எங்க இருக்குன்னு ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.