நகரின் நடுவே ஒரு பசும்பரப்பு

அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரில், மான்ஹற்றன் தீவின் நடுவே, வானளாவிய மாளிகைகள் சூழ, 843 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது 'சென்ட்ரல் பார்க்' எனப்படும் மத்திய பூங்கா. நீளம் இரண்டரை மைல். அகலம் அரை மைல். அங்குள்ள ஏரிகளையும் சோலைகளையும் காண்போர், அவை இயற்கையாய் அமைந்தவை என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. ஏரிகள் மனிதர் வெட்டியவை. சோலைகள் திட்டமிட்டு நடப்பட்டவை.

குடிசனம் பெருகி நெருக்கடி மிகுந்த அந்நகருக்குப் பூங்கா ஒன்று தேவையென உணர்ந்த நியூயோர்க் மாநிலச் சட்டசபை, 1853ஆம் ஆண்டில் அதற்கென நிலம் ஒதுக்கிற்று. 1858இல் பிரெடெரிக் லோ ஓம்ஸ்டெட், கல்வேட் வோக்ஸ் ஆகிய இருவரும் வரைந்த திட்டம் போட்டியில் தெரிவாயிற்று. செல்வரும் வறியவரும் ஒருங்கே உலாவும் இடமாக அது அமைதல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். வண்டிகளின் ஆரவாரம் அமைதியைக் குலையாவண்ணம், குறுக்கே செல்லும் நான்கு வீதிகளையும் தரைமட்டத்திற்குக் கீழே தாழ்த்தி அமைத்தனர். மோட்டார் வண்டி தோன்றுமுன் எண்ணப்பட்ட அவ்வேற்பாடு இன்றும் பயன்படுகின்றது. 1876இல் பூங்கா முழுமை பெற்றது.

ஆயினும், நெடுங்காலம் பேசப்படாத ஒரு செய்தியும் இதனுள் உண்டு. பூங்காவின் மேற்குப் பகுதியில் செனெக்கா என்னும் சிற்றூர் இருந்தது. 1825 முதல் சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்கள் அங்கே நிலம் வாங்கி வீடு கட்டினர். பின்னர் அயர்லாந்துக் குடியேறிகளும் வந்து சேர்ந்தனர். மூன்று தேவாலயங்களும் ஒரு பாடசாலையும் எழுந்தன. 250 டொலர் பெறுமதியான சொத்தில்லாத கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட காலம் அது. ஆதலின், அவர்க்கு நிலம் என்பது உறைவிடம் மட்டுமன்று. உரிமையின் திறவுகோலும் ஆகும். 1857இல், இழப்பீடு வழங்கப்பட்டு அவ்வூர் அகற்றப்பட்டது. அதனை நினைவூட்டும் பலகை 2001ஆம் ஆண்டிலேயே நாட்டப்பட்டது.

இன்று அங்குச் செல்வோர், எகிப்திலிருந்து கொணர்ந்து 1881இல் நிறுத்தப்பட்ட பழந்தூணைக் காணலாம். மிருகக்காட்சிசாலையையும், பெரும் கலைக்கூடத்தையும் கண்டு களிக்கலாம். வலசை செல்லும் வழியில் இளைப்பாறும் பறவைகள் உட்பட இருநூறுக்கு மேற்பட்ட பறவையினங்கள் அங்கே காணப்பட்டுள்ளன. 1970களில் பராமரிப்பின்றிச் சீரழிந்த பூங்காவை, 1980இல் தோன்றிய பாதுகாப்பு அமைப்பு மீட்டெடுத்தது. 2018இல் பூங்காவின் உள்வீதிகளில் மோட்டார் வாகனங்கள் தடைசெய்யப்பட்டன.

எல்லோர்க்கும் உரியதாய் எண்ணப்பட்ட பூங்கா, சிலரின் இல்லங்கள்மீது எழுந்தது. அதன் நிழலை நுகர்வோர் அவர்களையும் நினைவிற் கொள்வது முறையாகும்.